லூர்து உனக்காகக் காத்திருக்கிறாள், சூசை

என் உயிர் மச்சான் சூசைக்கு,

நீ போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. பேப்பர் ரிப்போர்ட்டராக, இந்தப் பக்கத்து ஊர்களில் செத்துப்போனவர்கள் எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். மதகில் மூழ்கியவர், பாம்பு கடித்தவர், மணல் லாரியில் அடிபட்டவர். உன்னைப் பற்றி எழுத வேண்டிய நேரத்தில் கை ஓடவில்லை. பிறகு உன் பெண்டாட்டியை நான் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் எழுதியிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

இப்போது எழுதவைத்தது பாசம் மட்டும் இல்லை, பொறாமையும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கியமான செய்தியை மேலே வை என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

லூர்துவுக்கு மறதி நோய். செங்கல்பட்டில் டாக்டர் அதை டிமென்ஷியா என்றார். மறதி என்றால் எல்லாமே ஒன்றாக மங்கிப்போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை மச்சான். பின்னால் வந்தது முதலில் போகிறது. அவள் வாழ்க்கையில் பின்னால் வந்தவன் நான்.

நாங்கள் கட்டிய மாடி வீடு அவளுக்கு நினைவில் இல்லை. உன் வீட்டில் இருப்பதாகத்தான் நினைக்கிறாள். உன் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணம் நினைவில் இல்லை. கோயிலில் எனக்கும் அவளுக்கும் நடந்த கல்யாண ஓலை வாசிப்பு, தாலி மந்திரிப்பு எதுவுமே இல்லை. நீ மட்டும் இருக்கிறாய். தோளில் தோல் பையும் விரலிடுக்கில் மடித்த நோட்டுகளுமாக, சாலவாக்கம் வழியாகச் செங்கல்பட்டு போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக, முப்பது வயதுக்காரனாக இருக்கிறாய். எனக்கு அறுபத்தி நாலு. போட்டி நியாயமாக இல்லை.

அவள் இப்போது என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாள்.

உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். புருஷனின் சிநேகிதனை வேறு எப்படிக் கூப்பிடுவது? நீ காமாலையில் போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம், உன் அம்மாதான் என் வாசலில் வந்து நின்றார். "சின்னப்பா, எம் மருமவள வேற எவன் கையிலயும் குடுக்க மனசு வர்ல. நீ கட்டிக்கிறியா?" என்றார். பங்குச் சாமியாரிடமும் அவரே போய்ப் பேசினார். லூர்து தலையாட்டினாள். ஊர்தான் ஆட்டவில்லை. தெருக் குழாயில் அவள் காதுபடவே பேசினார்கள். "அண்ணான்னு கூப்ட்ட வாயால எப்டிடி என்னாங்கன்னு கூப்டுவ?"

அவள் கூப்பிடவே இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக எதையும் சொல்லிக் கூப்பிடாமல்தான் சோறு போட்டாள், துணி எடுத்துக்கொடுத்தாள். ஒரு நாள் நான் வாசலில் வண்டி எடுக்கும்போது உள்ளேயிருந்து, "ஸ்டெல்லாப்பா, கொடை எடுத்துக்கினு போங்க" என்று ஒரு குரல் வந்தது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தைக் காட்டவில்லை. அந்தப் பெயரை நான் சம்பாதித்தேன் மச்சான். யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. இப்போது அது போய்விட்டது. பழைய இடத்துக்கே இறக்கிவிட்டாள்.

சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்கு முன்னால் அவள் முகம் கழுவி, பவுடர் போட்டு, ஜெயாவிடம் பூ கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாள். ஜெயா பக்கத்துத் தெரு. லூர்துவைக் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் வருகிறவள். நான் செய்தால் லூர்து கூச்சல் போடுகிறாள். அந்நிய ஆம்பிளை தொட்டால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? பூ வைத்து முடித்ததும் அவள் என்னிடம் மரியாதையாகச் சொல்வாள்.

"அவரு வர்ற நேரம் ஆய்டுச்சுணா. ஆம்பள இல்லாத வூட்ல நீங்க குந்திக்கினு இருந்தா நல்லா இருக்காது. அப்பால வாங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நான் கட்டிய வீட்டிலிருந்து. டீக்கடை மணி என்னைப் பார்த்ததுமே கிளாஸைக் கழுவ ஆரம்பிப்பான். "இன்னா ரிப்போர்ட்டரே, இன்னிக்கும் தொரத்திட்டாங்களா?" என்பான். "ஆமா, அவ வூட்டுக்காரன் வரானாம்" என்பேன். அவன் சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன். டீ குடித்துவிட்டுத் திரும்பினால், "வாங்கணா, இப்பத்தான் வரீங்களா? அவரு இன்னும் வர்ல" என்று புதிதாக வரவேற்பாள். ஒங்களாண்ட எதாவது சொன்னாரா என்று கேட்பாள். எனக்குத் தெரியாதும்மா என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது.

எனக்காக அவள் ஒரு நாளும் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதில்லை. நான் எந்த நேரத்துக்கு வருவேன் என்று எனக்கே தெரியாத வேலை என்பது உண்மைதான். ஆனாலும் நின்றதில்லை.

மீன் விஷயத்தையும் கேள். ஏரியில் தண்ணீர் வற்றி மீன் பிடித்த சமயம், விரால் வாங்கிவந்தேன். லூர்து அடுப்பண்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஜெயாவை அதட்டி அதட்டிக் குழம்பு வைக்கச் சொன்னாள். பக்குவம் மறக்கவில்லை, வாயும் மறக்கவில்லை. குழம்பு இறங்கியதும் தலையை மட்டும் தனியாக எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினாள். "அவருக்கு விரால் தலைன்னா உசுரு" என்றாள்.

இத்தனை வருஷமாக எனக்கு நடுத்துண்டுதான் வைப்பாள். நல்ல துண்டை எனக்கு வைக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். தலை எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவன், இதைக் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் கண் அசந்ததும் அந்தத் தலையை நானே எடுத்துத் தின்றேன். ருசிக்காக இல்லை, ஆத்திரத்தில். முள்ளைத் தெரு நாய்க்குப் போட்டேன். அவள் எழுந்துவந்து மூடியைத் திறந்து பார்த்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது?

"வந்து துன்னுட்டுப் போயிருக்காரு. எழுப்பினா இன்னாவாம்?"

தின்றது நான். பெயர் உனக்கு.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவளுக்குப் பேச்சு நன்றாக வந்த நாள் அது. கல்யாணமான புதிதில் நீ அவளை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரவைத்துச் செங்கல்பட்டு வரை கூட்டிப்போய், இறங்கவே விடாமல் அதே வண்டியில் திரும்பக் கூட்டிவருவாயாமே. எங்களிடமெல்லாம் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்றுதானே சொல்வாய்?

"இன்னாத்துக்குனு கேட்டா, நாளு பூரா மூஞ்சி பாத்துக்கினு இருக்கலாமாம்" என்றாள். வெட்கத்தில் கீரைத் தண்டை இரண்டாக ஒடித்தாள்.

"டிக்கெட் போடுவானா?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"கைக்காசு போட்டுக் கியிச்சிக் குடுப்பாருணா. ஓசில ஏத்த மாட்டாரு."

அவளோடு நான் வாழ்ந்தது உன்னைப்போல மூன்று மடங்கு காலம். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. என் மனசு நோகக்கூடாது என்று அடக்கிவைத்திருந்தாளா? அல்லது சொல்கிற அளவுக்கு நான் அவளுக்கு நெருக்கமாக இல்லையா? இப்போது நான் வேறு ஆள் என்பதால் சொல்கிறாள். என் பெண்டாட்டி என்னை நம்பி மனசைத் திறக்க நான் அவள் புருஷனாக இல்லாமல் போக வேண்டியிருந்தது.

விடவில்லை. கேட்டேன். "சரி லூர்து, என்னப் பத்தி இன்னா நெனக்கிற?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஒங்களுக்கு இன்னாணா, நல்ல மனுசன். ஆனா எப்பப் பாத்தாலும் கேள்வி கேட்டுக்கினே கீறீங்க. ஒங்களக் கட்டிக்கப் போறவ பாவம்."

நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஸ்டெல்லா ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஒன்பது வயதிலிருந்து என்னை அப்பா என்று கூப்பிட்டவள். அம்மா குழம்பிப்போய் அழுகிறாள் என்பதால், அவள் முன்னால் மட்டும் என்னைச் சித்தப்பா என்கிறாள். போகும்போது வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, சத்தத்துக்கு நடுவில், "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் நாங்கள் மூன்று பேரும் உன்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள்தானே. நான் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பேன். லூர்து பூ வைப்பாள். ஸ்டெல்லா மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அப்போதெல்லாம் எனக்குப் பொறாமை வந்ததில்லை. நீ கீழே கிடந்தாய், நான் மேலே நின்றேன். பொறாமைப்பட என்ன இருந்தது? லூர்துவுக்கு உடம்பு இப்படி ஆனதும் போன வருஷம் நான் மட்டும் வந்தேன். இந்த வருஷம் அவளையும் கூட்டிவரப் போகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன்.

"வேணாம்ப்பா. அங்க பேரு எழுதியிருக்குது. அம்மா படிச்சிடும்."

"வருஷா வருஷம் போறது வழக்கம்மா."

"வழக்கம் பாக்குற ஆளா நீங்க?" பின்னால் கம்பெனி பஸ் சத்தம் கேட்டது. "ஒங்களுக்கு இன்னாப்பா வேணும்? சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். நீ செத்துவிட்டாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது தெரிந்தால் அவள் காத்திருப்பது நிற்கும், திரும்பிப் பார்ப்பாள், அங்கே நான் நிற்பேன். இதுதான் என் கணக்கு. முந்தின நாளே தனியாக வந்து உன் பெயரைக் கருப்புப் பெயின்ட்டில் புதிதாக எழுதிவைத்தேன். எப்போதும் எழுதுவதைவிடப் பெரிய எழுத்தில். தேதியும் பெரிதாக.

மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். கோழிக்கொண்டையும் சாமந்தியும் மூட்டை மூட்டையாக வந்திருந்தன. பங்குச் சாமியார் ஒரு கோடியிலிருந்து தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். லூர்துவுக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. கையைப் பிடித்து உன் பக்கத்தில் உட்காரவைத்தேன். பூவைக் கொடுத்ததும் கை தானாகவே சிலுவை மாதிரி அடுக்க ஆரம்பித்தது.

"யாருதுணா இது?" என்று கேட்டாள்.

"படிச்சுப் பாரு" என்றேன்.

விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஈரத்தில் பெயின்ட் சரியாகக் காயவில்லை. விரலில் கருப்பு ஒட்டிக்கொண்டது. தேதியையும் படித்தாள். பிறகு மறுபடியும் பெயர். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்த முகம் என் பக்கம் திரும்பியது.

"அண்ணா" என்றாள். "ஒங்களுக்கு யாருணா சொன்னாங்க?"

அவளே மேலே பேசினாள்.

"அன்னாடம் ஒண்ணா டீ குடிச்சவங்களாச்சே. அவரு இல்லன்னா ஒங்களுக்கு நாளே ஓடாதே. இனிமே யாராண்ட போயி பேசுவீங்க நீங்க?"

முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

உன்னைப் புதைத்த அன்றைக்கு நான் அழவில்லை மச்சான். குழி வெட்ட ஆள் தேடினேன், பெட்டிக்கு ஓடினேன், சாமியாரைக் கூட்டிவந்தேன். எல்லாரும் லூர்துவைச் சுற்றி இருந்தார்கள், அது சரிதான். ஆறு மாசம் கழித்து அழலாம் என்றால் துணைக்கு ஆள் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அழலாம் என்றால் அவளுக்குத் தாலி கட்டிவிட்டேன். அதற்கப்புறம் நான் உனக்காக அழுதால் யார் நம்புவார்கள்? நீ இல்லாமல் எனக்கு எப்படி இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது அவள் ஒருத்திதான். அதுவும் அவளுக்கே அந்தச் செய்தி தெரிந்த அந்த நிமிஷத்தில், தன் துக்கத்துக்கு முன்னால் என் துக்கத்தைக் கேட்டாள்.

அவள் துக்கம் அதற்குப் பிறகு வந்தது. "ஸ்டெல்லா சின்னப் புள்ளயாச்சேணா. எங்கள யாருணா பாத்துப்பாங்க?"

"நான் கீறேன் லூர்து."

"ஒங்களுக்கு இன்னாத்துக்குணா இந்த பேஜாரு" என்றாள். "ஒங்களுக்குன்னு ஒரு குடும்பம் வரும்."

பிறகு ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை நான் முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், உன் வீட்டில், உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது. அதே சத்தம். இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் தேயாமல் அப்படியே இருந்தது. சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் நின்றுவிட்டார். பக்கத்துக் கல்லறைப் பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டாள். வீட்டில் ஜெயா அவளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"காலைல நல்லா இருந்த மனுசி. இன்னா சார் பண்ணீங்க?"

கல்லறைக்குக் கூட்டிப்போனேன் என்றேன். அவள் லூர்துவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்குப்படி அவள் இந்நேரம் என்னைத் தேட வேண்டும். தேடவில்லை. நீ இல்லாத இடத்தில் அவளுக்கு நான் வந்துவிடவில்லை. நீ இல்லாத இடம் வெறுமனே காலியாக இருந்தது. அந்தக் காலியில் நான் ஒரு தடவை அவளைத் தள்ளிவிட்டேன். முதல் தடவை உன்னைக் கொண்டுபோனது காமாலை. இந்தத் தடவை நான்.

அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள். சாயங்காலம் எழுந்துவந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஏன் வீங்கியிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலில் இருந்த கருப்பை ஜெயா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டிருந்தாள். என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அவரு இன்னும் வர்லியேணா. எதனா சொன்னாரா ஒங்களாண்ட?"

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அந்த நிமிஷத்திலும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் மத்தியானம் கேட்ட சத்தமும் காதில் இருந்தது.

"சொன்னான்மா" என்றேன். "டபுள் ட்யூட்டி பாக்குறானாம். உன்னை சாப்ட்டு படுக்கச் சொன்னான்."

"அப்டியா" என்றாள். தோள்கள் தளர்ந்தன. தட்டைக் கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டாள்.

மச்சான், உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி நீ சாகமாட்டாய். அவள் எத்தனை தடவை கேட்டாலும் நீ வந்துகொண்டிருக்கிறாய் என்றுதான் சொல்வேன். ஸ்டெல்லாவிடமும் ஜெயாவிடமும் சொல்லிவிட்டேன், டீக்கடை மணியிடமும். அவள் போகிற நாள் வரைக்கும் நீ ட்யூட்டியில்தான் இருப்பாய். அவள் போன பிறகு, நீ செத்ததையும் அவள் செத்ததையும் சேர்த்து நானே சுமந்துகொள்கிறேன். வெளியே போகச் சொன்னால் போவேன். திரும்பியும் வருவேன். உன் வீடு என்று அவள் நினைக்கிற வீட்டை அவளுக்காகப் பார்த்துக்கொள்கிறேன்.

லூர்துவின் இரண்டாவது புருஷன்,
உன் மச்சான்,
சின்னப்பன்